ஆராய்ச்சி மென்பொருளுக்கு ஒரு ஜர்னல்: சப்மிஷன், ரிவ்யூ எல்லாம் எப்படி நடத்துவது?

பாளை_டீச்சர்

வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினித் துறையில் இருக்கிறேன். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்துக் கல்லூரிகளிலிருந்தும் சில பேர் சேர்ந்து ஆராய்ச்சி மென்பொருளுக்கென்றே ஒரு ஜர்னல் தொடங்கலாம் என்று பேச்சு வந்தது. பேச்சு முடிவதற்குள் எடிட்டர் என்று என் பேரை எழுதிவிட்டார்கள்.

நோக்கம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. நம்ம பக்கத்துப் பிஎச்டி பிள்ளைகள் எழுதுகிற கோடு, அதாவது நிரல், வைவா முடிந்த மறுநாளே பென் டிரைவோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அணைக்கு வரும் நீரைக் கணிக்கிற நிரல், ஓலைச்சுவடி எழுத்தைப் படிக்கிற நிரல், ஆரல்வாய்மொழிக் காற்றாலை உற்பத்தியைக் கணக்குப் போடுகிற நிரல் என்று நான் பார்த்த நல்ல வேலையெல்லாம் கட்டுரையில் ஒரு படமாக மட்டும் மிஞ்சி நிற்கிறது. அடுத்த வருடம் வருகிற பிள்ளை அதே கோடை முதலிலிருந்து எழுதுகிறது.

நிர்வாகம் கேட்பது வேறு மாதிரி. ஜனவரியில் முதல் இதழ் வர வேண்டும், இதழுக்கு அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் வேண்டும், கட்டுரைக்கு ஒரு கட்டணம் வைக்க வேண்டும், ரிவ்யூ இரண்டு வாரத்தில் முடிய வேண்டும். என் கேள்விகள் இவை: ஓஜேஎஸ் (ஜர்னல் நடத்துவதற்கான மென்பொருள்) போட்டு வழக்கமான ஜர்னல் மாதிரி நடத்துவதா, கோடை வைக்கிற கிட்ஹப் தளத்திலேயே ரிவ்யூ நடத்துகிற முறையா? ரிவ்யூ செய்பவர் கோடை ஓட்டிப் பார்க்க வேண்டுமா, கட்டுரையைப் படித்தால் போதுமா? ரிவ்யூவருக்கு எங்கே போவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜங்ஷன்_நூலகர்

ஒரு கல்லூரி நூலகத்தில் ஓஜேஎஸ் பார்த்துக்கொள்கிறேன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இலவச மென்பொருள், பப்ளிக் நாலெட்ஜ் ப்ராஜெக்ட் என்கிற கனடாக்காரர்கள் 2001-இலிருந்து கொடுத்து வருகிறார்கள். சப்மிஷன், ரிவ்யூ, காப்பி எடிட்டிங், புரொடக்ஷன் என்று நாலு கட்டம். எந்தக் கட்டுரை யார் கையில் நிற்கிறது என்று பார்த்த உடனே தெரியும். அது ஒன்றுக்காகவே போடலாம், எக்செல் ஷீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் ஜர்னல் நடத்துகிறவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

ஐஎஸ்எஸ்என் பற்றி நிர்வாகத்திடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள் மேடம். டெல்லியில் சிஎஸ்ஐஆர்-என்ஐஎஸ்சிபிஆர் நிறுவனத்தில் ஐஎஸ்எஸ்என் மையம் இருக்கிறது, அங்கே இலவசமாகவே தருகிறார்கள். அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, தனித்தனி எண். அது ஒரு அடையாள எண் மட்டும்தான், தரத்துக்கான முத்திரை கிடையாது. "ஐஎஸ்எஸ்என் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்டு யாராவது போன் போட்டால் வைத்துவிடுங்கள். இன்னொன்று, யுஜிசி கேர் என்கிற ஏற்கப்பட்ட ஜர்னல்களின் பட்டியலில் சேர்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அந்தப் பட்டியலையே யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இப்போது அவர்கள் கொடுத்திருப்பது ஜர்னலை எடைபோடச் சில அளவுகோல்கள்தான், முடிவு அந்தந்த நிறுவனத்தின் பாடு.

கட்டுரைக்கு டிஓஐ (மாறாத இணைய அடையாள எண்) வேண்டுமென்றால் அதைப் பதிவு செய்கிற கிராஸ்ரெஃப் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். சின்னப் பதிப்பாளருக்கு ஆண்டுக் கட்டணம் பல வருடமாக 275 டாலராக இருந்தது, புதுக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர். இதை யார் கட்டுவது என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். ஒரு வருடம் கட்டி மறு வருடம் கட்டாமல் விட்ட ஜர்னல்கள் நம்ம பக்கமே இருக்கின்றன.

மணிமுத்தாறு_கோடு

டீச்சர், நான் மென்பொருள் ஜர்னல்களுக்கு ரிவ்யூ செய்கிறவன், ஒன்றில் எடிட்டர் வேலையும் பார்த்திருக்கிறேன். ஓஜேஎஸ்ஸா கிட்ஹப்பா என்பது நீங்கள் நினைக்கிற அளவு பெரிய கேள்வி இல்லை, உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரியது. கோடை ஓட்டிப் பார்க்காமல் ரிவ்யூ செய்தால் அது மென்பொருள் ஜர்னலே இல்லை, மென்பொருளைப் பற்றிக் கட்டுரை போடுகிற இன்னொரு ஜர்னல். அது ஊரெல்லாம் இருக்கிறது.

ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் என்று ஒன்று 2016-இலிருந்து நடக்கிறது, ஜாஸ் என்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே யோசியுங்கள். கட்டுரை சில பக்கம்தான், மார்க்டவுன் என்கிற எளிய உரை வடிவில் எழுதிக் கோடு இருக்கிற ரெப்போவிலேயே (கிட்ஹப்பில் அந்தக் கோடின் கோப்புத் தொகுப்பு) வைத்துவிட வேண்டும். ரிவ்யூ முழுக்க கிட்ஹப் இஷ்யூவில், அதாவது அங்கே திறக்கிற விவாதப் பக்கத்தில், பொதுவெளியில் நடக்கும். யார் ரிவ்யூவர், என்ன கேட்டார், ஆசிரியர் என்ன பதில் சொன்னார் என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முதலில் ப்ரீ-ரிவ்யூ என்று ஒரு இஷ்யூ திறப்பார்கள். எல்லைக்குள் வருகிறதா என்று பார்ப்பது, எடிட்டர் அமர்வது, ரிவ்யூவர் தேடுவது எல்லாம் அங்கே. ஆள் கிடைத்த பிறகு ரிவ்யூவுக்குத் தனி இஷ்யூ. குறைந்தது இரண்டு ரிவ்யூவர். நடுவில் எடிட்டோரியல்பாட் என்று ஒரு பாட் (தானியங்கி நிரல்), அதற்கு ஒரு வரி எழுதினால் பிடிஎஃப் தயார் செய்யும், ரிவ்யூவரைப் பதிவு செய்யும், மேற்கோள் பட்டியலில் விட்டுப்போன டிஓஐ-களைத் தேடிச் சொல்லும். ஆசிரியரிடம் காசு வாங்குவதில்லை, வாசகரிடமும் வாங்குவதில்லை.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது செக்லிஸ்ட். லைசென்ஸ் இருக்கிறதா, நிறுவும் முறை எழுதியிருக்கிறதா, எழுதியபடி நிறுவ முடிகிறதா, உதாரணம் ஓடுகிறதா, கோடு சரியா என்று சோதிக்கிற டெஸ்ட் இருக்கிறதா, இது யாருக்கு எதற்கு என்று சொல்லியிருக்கிறதா. ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும். "கட்டுரை நன்று, சிறு திருத்தங்களுடன் ஏற்கலாம்" என்று ஒரு வரி எழுதித் தப்பிக்க வழியே இல்லை.

ஓட்டிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்ம ஊர் மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கப்புறம் மழைத் தரவை வைத்து நிரல் எழுதாத துறை நம்ம பக்கம் இல்லை. மழைமானியில் "ஒரு நாள் மழை" என்று இந்திய வானிலைத் துறை எழுதுவது காலை எட்டரை மணிக்கு முடிகிற 24 மணி நேரத்துக்கு. செயற்கைக்கோள் தரவில் நாள் என்பது பெரும்பாலும் யுடிசி என்கிற உலகப் பொது நேரப்படி நள்ளிரவிலிருந்து நள்ளிரவு, அதாவது நம்ம நேரத்துக்குக் காலை ஐந்தரை. இரண்டையும் தேதியை மட்டும் வைத்து இணைக்கிற கோடு எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் அழகாக ஓடும். 18-ஆம் தேதி என்று எழுதியிருக்கிற மழையில் பெரும்பகுதி 17-ஆம் தேதி பெய்தது. கட்டுரையில் வரைபடமும் பளபளவென்று இருக்கும், படித்துப் பார்த்து மட்டும் யாராலும் இதைப் பிடிக்க முடியாது. மாதிரித் தரவை உள்ளே கொடுத்து, விடை தெரிந்த ஒரு நாளைச் சரிபார்த்தால் பத்து நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும்.

சுவடி நிரலுக்கும் இதே கதைதான். யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஒகரக் குறி ஒற்றைக் குறியாகவும் இருக்கலாம், எகரக் குறியும் கால் குறியுமாகப் பிரிந்தும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், கோடுக்கு இரண்டும் வேறு வேறு. ஒருமைப்படுத்தாமல் துல்லியம் கணக்கிட்டால் அந்தச் சதவீதத்துக்கு அர்த்தமே கிடையாது.

குறுக்குத்துறை_பெரியவர்

எல்லாம் சரி, ஆனால் எதற்கு இன்னொரு ஜர்னல் என்று யாரும் கேட்கவில்லையே? ஜாஸ் இருக்கிறது, இலவசம். புள்ளியியல் மென்பொருளுக்கு ஜர்னல் ஆஃப் ஸ்டாட்டிஸ்டிகல் சாஃப்ட்வேர் 1996-இலிருந்து இருக்கிறது, அதுவும் இலவசம். நம்ம பிள்ளைகள் அங்கேயே அனுப்பட்டும். கல்லூரிக்கு ஒரு ஜர்னல் என்று தொடங்கி, முதல் இதழில் முதல்வர் முன்னுரை, ஆசிரியர் குழுவின் கட்டுரைகள், மூன்றாவது இதழ் வராது. வெளியிலிருந்து கட்டுரை வராதபோது கதவை அகலமாகத் திறப்பீர்கள், கட்டணமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பெரிய பதிப்பகங்களுக்கே அது நடந்தது. ஹிந்தாவி 2023-இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேல் கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. சிறப்பிதழ் வழியாகப் போலிக் கட்டுரை ஆலைகள் உள்ளே புகுந்த கதை.

இரண்டு வாரத்தில் ரிவ்யூ, தலைக்கு இவ்வளவு ரூபாய் என்று உங்கள் நிர்வாகம் கேட்பதைப் பார்த்தால் எனக்கு அந்த வாடைதான் அடிக்கிறது தாயி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பாளை_டீச்சர்

கோபமெல்லாம் இல்லை அண்ணாச்சி, நீங்கள் சொன்னதைத்தான் நானும் இரவு படுக்கும்போது நினைக்கிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகளை நேராக ஜாஸுக்கு அனுப்ப முடியாத ஒரு நிலை இருக்கிறது. ரீட்மீ (கோடோடு வைக்கிற விளக்கக் கோப்பு) என்றால் என்ன, டெஸ்ட் எப்படி எழுதுவது என்றே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அங்கே அனுப்பினால் வாசலிலேயே திரும்பி வரும். அப்புறம் ஆங்கிலத்தில் பொதுவெளியில் கேள்விக்குப் பதில் எழுதுவதில் ஒரு பயம்.

மணிமுத்தாறு சார், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பொதுவெளி ரிவ்யூ நம்ம ஊரில் நடக்குமா? இங்கே எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். என் கைடிடம் படித்தவர்தான் பக்கத்துக் கல்லூரியில் துறைத்தலைவர். அவர் மாணவர் அனுப்பிய கோடு ஓடவில்லை என்று என் பேர் போட்டு எழுதினால் அடுத்த கல்யாண வீட்டில் முகம் பார்த்துப் பேச முடியுமா?

மணிமுத்தாறு_கோடு

நியாயமான கேள்வி. ஆனால் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும், தெரிந்தவரை ரிவ்யூ செய்வது ஒன்று, பேரோடு எழுதுவது இன்னொன்று.

முதலாவதற்கு விதி வேண்டும். ஜாஸில் கடந்த நாலு வருடத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள், ஒரே நிறுவனத்தில் இருந்தவர்கள், கைடு–மாணவர் உறவு உள்ளவர்கள் எல்லாம் முரண்பாடு என்று சொல்லிவிட வேண்டும். அதே விதியை நம்ம மூன்று மாவட்டத்துக்குப் போட்டால் பாதிப் பேர் பாதிப் பேரை ரிவ்யூ செய்ய முடியாது. அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த கைடுகளின் குடும்ப மரத்தை வரைந்து பாருங்கள், தெரியும். ஆகவே ரிவ்யூவரில் ஒருவராவது இந்த வட்டாரத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள், மதுரையோ திருவனந்தபுரமோ, எதுவானாலும். எடிட்டர் குழுவில் இருப்பவர் அனுப்புகிற கட்டுரையை அவர் கண்ணிலேயே படாமல் வேறொருவர் நடத்த வேண்டும். முதல் வருடம் குழுவினர் கட்டுரையே போடக்கூடாது என்று வைத்தால் இன்னும் நல்லது, பெரியவர் சொன்ன முதல் இதழ் வியாதிக்கு அதுதான் மருந்து.

பேரோடு எழுதுவது நீங்கள் பயப்படுகிற அளவு மோசமில்லை, ஏனென்றால் செக்லிஸ்டில் அபிப்பிராயத்துக்கு இடம் குறைவு. "உபுண்டு 22.04-இல் இந்தக் கட்டளை கொடுத்தேன், இந்தப் பிழை வந்தது" என்று எழுதுகிறீர்கள். அதில் யாருக்கும் முகம் சுளிக்க ஒன்றுமில்லை, பிள்ளை அன்றைக்கே திருத்திப் போட்டுவிடும். எனக்குத் தெரிந்து கசப்பு வருகிற இடம் வேறு. இது ஆராய்ச்சி மென்பொருளே இல்லை என்று திருப்பி அனுப்புகிற இடம். கல்லூரி வருகைப்பதிவு ஆப், நூலக மேலாண்மை, இறுதியாண்டு ப்ராஜெக்ட் எல்லாம் வரும், நிச்சயம் வரும். அந்த முடிவை ரிவ்யூவர் தலையில் கட்டாதீர்கள், எடிட்டர் குழு சேர்ந்து ரிவ்யூவுக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். ஜாஸில் ரொம்ப நாள் இருந்த ஒரு அளவு: ஆயிரம் வரிக்குக் கீழே இருந்தால் குழு யோசிக்கும், முந்நூறுக்குக் கீழே என்றால் ரிவ்யூவுக்கே போகாது. வரி எண்ணுவது முட்டாள்தனமான அளவுதான், ஆனாலும் சிபாரிசு போன் வரும்போது கையில் ஒரு எண் இருப்பது நல்லது.

லைசென்ஸ் விஷயத்தில் ஒன்று. கிட்ஹப்பில் பொதுவில் கிடக்கிறது என்பதாலேயே அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. எம்ஐடியோ ஜிபிஎல்லோ, ஓஎஸ்ஐ (ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்களை அங்கீகரிக்கிற அமைப்பு) ஏற்ற ஏதாவது ஒரு லைசென்ஸ் கோப்பு ரெப்போவில் இருக்க வேண்டும். அந்த உரிமையைக் கொடுக்க மாணவருக்கு உரிமை இருக்கிறதா என்பது அடுத்த சிக்கல், சில கல்லூரிகளின் ஐபிஆர் (அறிவுசார் சொத்துரிமை) விதியில் எல்லாமே கல்லூரிக்குச் சொந்தம் என்று இருக்கும். சப்மிஷன் படிவத்திலேயே கைடும் கல்லூரியும் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் கேளுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் சண்டை.

மத்தளம்பாறை_டெவலப்பர்

அக்கா, ரிவ்யூவருக்கு எங்கே போவது என்று கேட்டீர்கள், கல்லூரிக்குள்ளேயே ஏன் தேடுகிறீர்கள்? தென்காசிப் பக்கம் மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்க்கிற எங்களைப் போன்றவர்கள் நிறைய. கோடு ரிவ்யூ எங்களுக்குத் தினசரி வேலை. மழை பற்றியோ சுவடி பற்றியோ எனக்குத் தெரியாது, ஆனால் நிறுவ முடிகிறதா, டெஸ்ட் ஏதாவது சோதிக்கிறதா அல்லது சும்மா பச்சை டிக் காட்டுகிறதா என்று ஒரு சனிக்கிழமை மதியத்தில் சொல்லிவிடுவேன். துறை தெரிந்தவர் ஒருவர், கோடு தெரிந்தவர் ஒருவர் என்று ஜோடி போடுங்கள்.

ஆனால் நிபந்தனை உண்டு. கம்பெனியில் அனுமதி கேட்க வேண்டும், அதனால் முதலில் ஒரு மெயில் அனுப்பி "முடியுமா" என்று கேளுங்கள், கேட்காமல் பேரைச் சேர்த்துவிட்டு ரிமைண்டர் அனுப்பாதீர்கள். (ஒரு ஜர்னல் எனக்கு அப்படிச் செய்தது, துறையே வேறு, ஆப்பிள் தோட்டத்து நோய் பற்றிய கட்டுரை.) அப்புறம் தரவு கொடுக்க முடியாத கட்டுரை என்றால், ஆஸ்பத்திரித் தரவு மாதிரி, ஓட்டிப் பார்க்க ஒரு சின்னச் செயற்கைத் தரவாவது ரெப்போவில் இருக்க வேண்டும். "தரவு ரகசியம், முடிவை நம்புங்கள்" என்றால் நான் என்னத்தை டிக் அடிப்பது?

குறுக்குத்துறை_பெரியவர்

தம்பி சொல்வது நல்ல யோசனை, இதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் என் கட்சியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இப்போதைக்கு ஜர்னல் என்று பேர் வைக்காதீர்கள். மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு ரிவ்யூ வட்டம் வையுங்கள். பிள்ளை கோடைக் கொடுக்கட்டும், செக்லிஸ்ட் வைத்துப் பாருங்கள், தமிழிலேயே கேள்வி கேளுங்கள், தேறியதை ஜாஸுக்கோ வேறு எங்கேயோ அனுப்புங்கள். ஆர் என்கிற புள்ளியியல் நிரல்மொழிக்கு ஆர்ஓப்பன்சை என்று ஒரு அமைப்பு இப்படித்தான் பேக்கேஜ்களை ரிவ்யூ செய்கிறது, அங்கே தேறியது ஜாஸுக்குப் போனால் கோடு ரிவ்யூவை மறுபடி தொடக்கத்திலிருந்து நடத்துவதில்லை. ஒரு வருடம் இப்படி ஓட்டினால் எடிட்டர் வேலை என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரிந்துவிடும், ஜர்னல் தேவையா என்றும் தெரிந்துவிடும்.

பாளை_டீச்சர்

இதை நிர்வாகத்திடம் எப்படி விற்பது என்றுதான் தெரியவில்லை அண்ணாச்சி, வட்டத்துக்கு ஐஎஸ்எஸ்என் கிடைக்காதே. ஆனால் கட்டணம் கிடையாது, முதல் இதழ் தேதி கிடையாது, கட்டுரை தேறத் தேற ஒவ்வொன்றாக வெளியிடுவோம் என்று மூன்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் எடிட்டர் பேரை எடுத்துவிடச் சொல்வேன். வட்டம் எப்படியும் நடக்கட்டும். மத்தளம்பாறைத் தம்பி, தனிச்செய்தியில் வருகிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். ஏற்றுக்கொண்ட பிறகு கோடை எங்கே வைப்பது? கிட்ஹப் லிங்க் போதாதா?

மணிமுத்தாறு_கோடு

போதாது. ரெப்போவை யாரும் எப்போதும் அழிக்கலாம், மாற்றலாம். கூகுள் கோடு என்று இதே மாதிரி ஒரு தளம் இருந்தது, 2016-இல் மூடினார்கள், அந்த லிங்க் போட்ட பழைய கட்டுரைகள் எத்தனையோ. ரிவ்யூ முடிந்ததும் ஆசிரியர் அந்த நிலையிலேயே ஒரு டேக் (பதிப்பு அடையாளம்) போட்டு ரிலீஸ் செய்து, அதை ஜெனோடோ என்கிற இணையக் காப்பகத்தில் ஏற்ற வேண்டும். சேர்ன் என்கிற ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனம் நடத்துவது, இலவசம், கிட்ஹப்போடு இணைத்தால் ரிலீஸ் போட்டதும் தானாகவே எடுத்துக்கொள்ளும். அது இரண்டு டிஓஐ கொடுக்கும், எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக ஒன்று, அந்தக் குறிப்பிட்ட பதிப்புக்கு ஒன்று. ரிவ்யூவர் பார்த்த பதிப்பின் டிஓஐ-யைத்தான் கட்டுரையில் போட வேண்டும். ஜெனோடோவில் தலைப்பும் ஆசிரியர் பேர்களும் கட்டுரையோடு ஒத்துப்போகிறதா என்று ஏற்கும் முன் எடிட்டர் தன் கண்ணால் பார்க்க வேண்டும், தானாக ஏறும்போது கிட்ஹப் பயனர் பெயர்களையே ஆசிரியர் என்று போட்டு வைத்திருக்கும்.

ஜங்ஷன்_நூலகர்

ஒருவேளை நிர்வாகம் ஒத்துக்கொண்டு ஓஜேஎஸ் போடுவதானால் மேடம், கணினி ஆய்வகத்துப் பையனிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். சப்மிஷன் கோப்புகள் சேரும் ஃபோல்டர் இணையதள ஃபோல்டருக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்தால் யார் வேண்டுமானாலும் ஏதாவது ஏற்றி ஓட்டிவிடுவார்கள், அப்படி ஹேக் ஆன ஜர்னல்கள் உண்டு. இன்னொன்று மெயில். மெயில் உண்மையில் உங்கள் தளத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டுகிற எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் சரியாக அமைக்காவிட்டால் ரிவ்யூ அழைப்பு நேராக ஸ்பாமுக்குப் போகும், நீங்கள் இங்கே ரிவ்யூவர் பதிலே போடவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்பீர்கள், அவர் அங்கே மெயிலையே பார்த்திருக்க மாட்டார். நான் சனிக்கிழமை மதியம் வரை நூலகத்தில் இருப்பேன், ஆளை அனுப்பினால் உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறேன்.